நாம் பிரித்துத் தரும் குப்பை, நமக்குத் திரும்பும் எரு

(வானொலி மறையுரை)



லூக்கா நற்செய்தி 13-ஆம் அதிகாரத்தில் காய்க்காத அத்திமரம் ஒன்றைப் பார்க்கிறோம். மூன்று ஆண்டுகளாகக் கனி இல்லை. உரிமையாளர் வெட்டிவிடச் சொல்கிறார். தோட்டக்காரரோ இன்னும் ஓர் ஆண்டு பொறுக்கும்படி கேட்கிறார். தவணை மட்டும் கேட்கவில்லை. மரத்தைச் சுற்றிக் கொத்தி எரு இடும் வேலையையும் தாமே ஏற்றுக்கொள்கிறார். மனமாற்றத்தைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமையில் எருவுக்கும் ஓர் இடம் இருக்கிறது. இன்று அந்த எருவைப் பற்றிச் சிந்திப்போம்.

நம் தாத்தா பாட்டி காலத்தில் வீட்டுக்குப் பின்னால் எருக்குழி இருந்தது. சாணம், சாம்பல், காய்கறித் தோல், உதிர்ந்த இலை எல்லாம் அதில் சேரும். மழைக்கு முன் வண்டியேறி வயலுக்குப் போகும். நகரத்துக்கு வந்த நாம் எருக்குழியை விட்டுவிட்டோம். குப்பையோ கூடிக்கொண்டே போகிறது. நம் வீட்டு எருக்குழி செய்த வேலையை இன்று தமிழக நகரங்களில் நுண் உரக்குடில்கள் செய்கின்றன. மக்கும் குப்பையைத் தொட்டிகளில் நிரப்பி, ஈரமும் காற்றும் கிடைக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள். நுண்ணுயிர்கள் வேலை செய்யும்போது உள்ளே 55, 60 டிகிரி வரை சூடேறும். பிறகு சூடு தணிந்து, மண்வாசம் வீசினால் எரு தயார். ஏறத்தாழ இரண்டு மாத உழைப்பு அது.

நம் திண்டுக்கல் வட்டாரத்தில் பல இடங்களில் செம்மண். பெய்த மழை தங்காமல் வடிந்துவிடும். எரு சேர்ந்தால் அதே மண் ஈரத்தைப் பிடித்துவைக்கும். எனவே ஐப்பசி மழைக்கு முன்பே இடுவது நல்லது. தொட்டிச் செடிக்குச் செம்மண், மணல், எரு மூன்றையும் சம அளவில் கலக்கலாம். முருங்கைக்கும் கொய்யாவுக்கும் அடிமரத்தை ஒட்டிக் குவிக்காமல், சற்றுத் தள்ளி வட்டமாகப் பரப்பிச் சருகால் மூடலாம். புல்தரைக்குச் சலித்து, மெல்லத் தூவினால் போதும். சூடு அடங்காத, நாற்றமடிக்கும் எரு வேரைக் கெடுக்கும். சந்தேகம் இருந்தால் ஒரு கிண்ணத்தில் அதை எடுத்து, கொஞ்சம் வெந்தயம் விதைத்துப் பாருங்கள். நன்றாக முளைத்தால் தோட்டத்துக்கு இடலாம்.

ஆனால், நாம் கொடுக்கும் குப்பையை விட நல்ல எருவை எந்த உரக்குடிலும் தர முடியாது. வாழைப்பழத் தோலோடு உடைந்த கண்ணாடியையும் ஊசியையும் பழைய பேட்டரியையும் ஒரே பையில் கட்டிப் போடுகிறோம். அந்தப் பையை யாரோ ஒருவர் தம் கையால் பிரிக்க வேண்டும். அவர் காலையில் நம் வாசலுக்கு வரும் தூய்மைப் பணியாளர். கண்ணாடியையாவது சலித்து எடுத்துவிடலாம். பேட்டரியிலிருந்து கசியும் நச்சு உலோகத்தை எந்தச் சல்லடையும் பிடிக்காது. அது எருவில் கலந்து, நம் கீரைப் பாத்திக்கே திரும்பி வரும்.

வீட்டிலேயே குப்பையைப் பிரித்துத் தர வேண்டும் என்று திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொல்கின்றன. சட்டத்துக்குப் பயந்து செய்வது ஒரு வகை. இன்னொருவரின் கை கிழியக் கூடாது என்று செய்வது அயலார் அன்பு. இயற்கையில் எந்தக் கழிவும் வீணாவதில்லை. ஓர் உயிரின் கழிவு அடுத்த தலைமுறைச் செடிக்கு உணவாகிறது என்பதைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ஆம் ஆண்டு வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ திருமடலில் நினைவூட்டினார்.

எனவே இந்த வாரமே தொடங்குவோம். அடுக்களையில் மக்கும் குப்பைக்கு ஒன்று, மக்காததற்கு ஒன்று என இரண்டு வாளிகள் வைப்போம். பேட்டரி, ஊசி, காலாவதியான மாத்திரைகளைத் தனியே ஒரு டப்பாவில் சேர்த்து, இன்னதென்று சொல்லிக் கொடுப்போம். நம் பிள்ளைகள் அதைப் பார்த்தே பழகட்டும்.

கனிதர இன்னோர் ஆண்டு நமக்கும் தரப்பட்டிருக்கிறது. மண்ணிலிருந்து நம்மை உருவாக்கிய இறைவன், அந்த மண்ணைப் பேணும் மனதையும் நமக்கு அருள்வாராக. ஆமென்.