ஒரு கணினி, இரு வலைகள்

விருதுநகரிலிருந்து சிவகாசிக்குச் செல்லும் வழியில் பட்டாசு ஆலைகளைக் காண்போர் ஒன்றைக் கவனித்திருக்கலாம். பரந்த நிலத்தில் சிறு சிறு அறைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியே நிற்கும். மருந்து கலக்கும் அறை வேறு, நிரப்பும் அறை வேறு, கிடங்கு வேறு, அலுவலகம் வேறு. நிலம் மலிவு என்பதால் அங்ஙனம் கட்டவில்லை. ஓர் அறையில் பற்றிய நெருப்பு அடுத்த அறைக்குத் தாவலாகாது என்பதற்காகவே வெடிபொருள் விதிகள் இவ்விடைவெளியைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. தீ பரவினால் நேரும் கேடு யாதென்பதை, 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் 30-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறிகொடுத்து இவ்வட்டாரம் கண்டது.

இதே இடைவெளி கணினிகளுக்கும் வேண்டும் என்பதே இன்று நான் கூற வந்த செய்தி.

இக்காலத் தொழிற்சாலை ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். அச்சகமாகவோ நூற்பாலையாகவோ இருக்கட்டும். அங்கே இரண்டு வலையமைப்புகள் உண்டு. ஒன்று அலுவலக வலை. கடிதம், கணக்கு, விலைப்பட்டியல் எல்லாம் அதில் ஓடும். அது இணையத்தோடு சேர்ந்தது. மற்றொன்று இயந்திர வலை. மோட்டாரின் வேகத்தையும் உலையின் வெப்பத்தையும் ஆளுகின்ற பி.எல்.சி. என்னும் கட்டுப்பாட்டுக் கருவிகள் அதில் பேசிக்கொள்கின்றன. பொறியாளர் தம் மடிக்கணினியைக் கம்பி வழியே இயந்திர வலையிலும், வைஃபை வழியே அலுவலக வலையிலும் ஒரே நேரத்தில் இணைக்கிறார். ஒரே மேசையில் இரண்டு வேலையும் முடிகின்றன. இதில் என்ன குற்றம்?

முதலில் எழுவது முகவரிச் சிக்கல். வலை என்பது ஒரு தெரு. கணினியின் எண் அதில் ஒரு கதவிலக்கம். இரு வலைகளும் 192.168.1 என்று தொடங்கும் எண்களையே கொண்டிருந்தால், அனுப்பும் செய்தி எத்தெருவுக்கு உரியதென்று மடிக்கணினிக்கு விளங்காது. ஆதலின் இரண்டுக்கும் வெவ்வேறு எண்வரிசை வேண்டும். அடுத்து, ‘கேட்வே’ எனப்படும் வெளிவாயில். அறியாத முகவரிக்குச் செல்லும் செய்திகள் யாவும் அவ்வாயில் வழியே போகும். இரு பக்கமும் வாயில் வைத்தால் செய்தி வழி தவறும். இயந்திரப் பக்கத்துக்கு நிலையான எண் ஒன்றைக் கொடுத்து, வாயிலை அலுவலகப் பக்கத்துக்கு மட்டும் வைத்தால் சிக்கல் தீரும்.

ஆயின், சிக்கல் தீர்ந்ததனாலேயே ஆபத்து தீர்ந்துவிடவில்லை. இயந்திரக் கருவிகளுள் பல பழைய மொழிகளில் பேசுபவை. 1979-இல் தோன்றிய மோட்பஸ் என்னும் மொழி இன்றும் வழக்கில் உள்ளது. கட்டளையிடுபவர் யார் என்று அது கேட்பதில்லை. வந்த கட்டளைக்கு அப்படியே பணிகிறது. வெளியார் எவரும் நுழைய இயலாத வலை என்னும் நம்பிக்கையில் பிறந்தது அது. இரு வலைகளிலும் கால்வைத்த மடிக்கணினியோ அந்நம்பிக்கையைப் பொய்யாக்குகிறது. மின்னஞ்சல் வழியே அதனுள் நஞ்சு நிரல் ஒன்று புகுந்துவிட்டால், இயந்திரத்தின் முன் வந்து நிற்க அதற்கு வேறு வழி தேடவேண்டியதில்லை.

இது வெறுங்கற்பனை அன்று. 2015 டிசம்பர் 23 அன்று உக்ரைன் நாட்டு மின் நிறுவனங்களில் அவ்விதமே நடந்தது. அலுவலகக் கணினிகளில் மின்னஞ்சல் வழியே நுழைந்தவர்கள், அங்கிருந்து கட்டுப்பாட்டு அறைக்கு வழிகண்டு மின்சாரத்தைத் துண்டித்தனர். 2 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் சில மணி நேரம் இருளில் மூழ்கின.

நமக்குத் தெற்கே நிகழ்ந்ததையும் பாருங்கள். 2019-இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தைச் சார்ந்த கணினி ஒன்றில் நஞ்சு நிரல் கண்டறியப்பட்டது. இந்திய அணுமின் கழகம் அக்டோபர் 30 அன்று அதனை ஒப்புக்கொண்டது. அக்கணினி நிர்வாகப் பணிக்குரிய, இணையத்தோடு சேர்ந்த வலையில் இருந்தது என்றும், உலையை இயக்கும் அமைப்புகள் அவ்வலையினின்றும் பிரிக்கப்பட்டிருந்தமையால் பாதிக்கப்படவில்லை என்றும் கழகம் விளக்கிற்று. இடைவெளியின் பயன் இதுவன்றோ?

இயந்திரப் பணிக்கெனத் தனி மடிக்கணினி வைத்துக்கொள்வதே நன்று. அதற்கு வசதி இல்லையேல், ஒரு வலையைத் துண்டித்த பின்னரே மற்றொன்றைத் தொடவேண்டும். நோய்நீக்கிப் பரிசோதித்த கணினியாகவும் அது இருத்தல் வேண்டும். அலுவலகத்துக்கு உற்பத்திக் கணக்கு தேவையெனில், ‘ஃபயர்வால்’ என்னும் காவலின் பின்னே இடைக்கணினி ஒன்றை நிறுத்தி, அதன் வழியே அனுப்பலாம். யு.எஸ்.பி. குச்சியையும் மறவாதீர்கள். 2010-இல் உலகறிந்த ஸ்டக்ஸ்நெட், இணையத்தோடு சேராத ஈரானிய அணு ஆலைக்குள்ளும் இயந்திரங்களைக் கெடுத்தது. குச்சி வழியே பரவும் திறன் அதற்கு இருந்தது.

மாணவ நண்பர்களே! உங்களுள் பலர் நாளை இத்தகைய ஆலைகளில் பணிபுரியப் போகிறீர்கள். “இந்தக் கம்பியையும் செருகிவிடு, வேலை சீக்கிரம் முடியும்” என்று ஒருவர் சொல்லக்கூடும். அக்கம்பியின் மறுமுனை எங்கே செல்கிறது என்று முதலில் கேளுங்கள். பட்டாசு ஆலையில் இரண்டு அறைகளுக்கு நடுவே மருந்துச் சாக்கை வைக்க எவரேனும் சொன்னால், நம் ஊர்த் தொழிலாளி காரணம் கேளாமலே மறுத்துவிடுவார். அந்த எச்சரிக்கை கணினியின் முன் அமர்வோருக்கும் வாய்க்கவேண்டும்.