அலகோடு எழுதுக
(புல்மோட்டை இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நமது கடற்கரையிலே கனிய மணல் ஏற்றும்போது ஒருவர் "ஐம்பது" என்று மட்டும் சொன்னால், மற்றவர் "மூட்டையா, தொன்னா?" என்று உடனே கேட்பார். அந்தக் கேள்வியே நமது இன்றைய பேச்சின் பொருள்.

யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளைப் பெரியோர் அறிவர். வரகு லாச்சமாயின் 16 சேர்ந்தது ஓர் ஏக்கர். நெல் லாச்சமாயின் 24 வேண்டும். பெயர் ஒன்று, அளவு இரண்டு. ஆதலால் 'வரகு', 'நெல்' என்னுங் குறிப்பை உறுதியிற் சேர்த்து எழுதினர் நம் முன்னோர்.

கணனியிலும் இவ்விடர்ப்பாடு உண்டு. கிலோ என்றால் ஆயிரம். நினைவகமோ இரண்டின் அடுக்குகளாக வளர்வது. ஆகவே 1,024 பைற்றையும் கிலோபைற்று என்றே வழங்கினர். மெகாபைற்று என்பது பத்து இலட்சமா, 1,048,576ஆ? இவ்வையம் நீங்க, சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணைக்குழு 1998இல் கிபிபைற்று, மெபிபைற்று என்னும் பெயர்களை வகுத்தது. ஆயினும் பழக்கம் எளிதில் விடுமா? லினக்ஸ் தன் நினைவகப் பட்டியலில் இன்றும் கிலோபைற்று என்று காட்டி, 1,024ஐயே கருதுகிறது.

இயங்குதளத்தின் கருனி என்பது நினைவகத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் உள் நிருவாகி. அதில் ஒரு பகுதி பைற்றில் எண்ணும். மற்றொரு பகுதி 'பக்கம்' என்னும் துண்டுகளாக எண்ணும். பக்கம் ஒன்று பெரும்பாலும் 4,096 பைற்று. நம் மாணவர் குழு பயிற்சிக்காக ஒரு சிறு கருனி எழுதிற்று. ஒருவர் மெகாபைற்றை எண்ணி 64 என்று எழுதினார்; மற்றவர் அதனைப் பக்கம் என்று கொண்டார். கிடைத்தது 256 கிலோபைற்று மாத்திரமே! இயந்திரம் நின்றது. மூன்று இரவுகள் பிழை தேடினோம். நண்பர்கள் ஒருவரையொருவர் நொந்துகொண்டோம். குற்றமோ அலகில்லாத அந்த எண்ணில் இருந்தது.

1999இல் அமெரிக்காவின் செவ்வாய்க் கலமொன்று அழிந்ததும் இவ்வாறே. ஒரு குழு இறாத்தல் விசையிற் கணித்ததை மற்றது நியூற்றன் என்று கொண்டது.

மருந்து எளிது. 1,048,576 என்று வெறும் எண்ணை எழுதாமல், 'ஒரு மெகா' என்று படித்தவுடன் விளங்கும் பெயர்களை லினக்ஸ் கருனியார் ஒரு கோப்பில் வகுத்து வைத்துள்ளனர். அவ்வாறே, அளவைத் தாங்கும் பெயரிலேயே 'பைற்று', 'பக்கம்' என்று சேர்த்தெழுதுவதும் நன்று.

நமக்கு விளங்கினாற் போதும் என்றெழுதுவது தன்னலம். நமக்குப்பின் வருபவனுக்கும் விளங்க எழுதுவதே தொண்டு. கணக்கேடாயினும் கருனியாயினும், எண்ணை அலகோடு எழுதுவோம்.