சேலையில் விழுந்த ஒரு சொட்டு

போன எபிசோடுல டேட்டாபேஸ் பேக்கப் பத்திப் பேசினோம். இன்னைக்கு பேக்கப்பே இல்லாத ஒரு பொருளைப் பத்தி. எங்க அம்மாச்சியோட சேலை.

மதுரைச் சுங்குடி, அரக்கு கலர், உடம்பு முழுக்க வெள்ளைப் புள்ளி. கையால ஒவ்வொரு முடிச்சாப் போட்டு, சாயத்துல முக்கி எடுக்கிற பழைய சேலை. முடிச்சுக்குள்ள சாயம் போகாததால அந்த இடம் வெள்ளைப் புள்ளியா நிக்கும். அம்மாச்சி தவறி நாலு வருஷம் ஆச்சு. அம்மா அதைக் கட்டுறதில்ல, ராத்திரி போர்த்திக்கிட்டுப் படுப்பாங்க. அவ்வளவு மெத்துன்னு இருக்கும்.

தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். அம்மாவோட மூக்குக்கண்ணாடிக் காது ஒடிஞ்சிருந்தது. "கடைக்குப் போவானேன், நானே ஒட்டித் தரேன்"னு கட்டில்ல உக்காந்து பெவிக்விக் டியூப்பை ஊசியால குத்தினேன். குத்தின வேகத்துல ஒரு பெரிய சொட்டு சேலை மேல.

அடுத்து நான் பண்ணதுதான் பெரிய தப்பு. பதறிப்போய் டிஷ்யூ பேப்பரை எடுத்து அமுக்கினேன். சுரீர்னு சுட்டுச்சு, லேசாப் புகை மாதிரி வந்துச்சு, விரல் நுனி கன்னிப் போச்சு. டிஷ்யூவும் சேலையோட சேர்ந்து ஒட்டிக்கிச்சு.

ஏன் சுட்டதுன்னு அப்புறம்தான் படிச்சேன். இந்தப் பசைக்குப் பேரு சயனோஅக்ரிலேட். இது காய்ஞ்சு இறுகுறது இல்ல. காத்துல, துணியில இருக்கிற ஈரம் பட்டதும் அதோட மூலக்கூறுகள் ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டு பிளாஸ்டிக் ஆயிடும். அப்படிக் கோக்கும்போது சூடு வெளியே வரும். பருத்தி நூல்ல எப்பவும் கொஞ்சம் ஈரம் இருக்கும், பசை பரவ இடமும் நிறைய. அதனால மொத்த வேலையும் ஒரே நொடியில நடந்து, சூடும் ஒரே நேரத்துல வருது. காட்டன் துணி போட்டிருக்கும்போது மடியில கொட்டிட்டா முதல்ல துணியைத் தோல்ல இருந்து தூக்கிப் பிடிங்க. சேலையைப் பத்தின கவலை அப்புறம்.

(1942-ல கோடாக் கம்பெனியில ஹாரி கூவர்ங்கிறவர் துப்பாக்கிக்குக் குறிபார்க்கிற கருவி செய்யத் தெளிவான பிளாஸ்டிக் தேடினப்போ கிடைச்ச பொருள் இது. தொட்டதுல எல்லாம் ஒட்டுதுன்னு அப்போ ஒதுக்கிட்டாங்க. 1958-லதான் பசையா விற்பனைக்கு வந்துச்சு. அந்த எரிச்சல் எனக்கு நல்லாப் புரியுது.)

இதைக் கரைக்கிறது அசிட்டோன். தங்கச்சிகிட்ட நெயில் பாலிஷ் ரிமூவர் இருந்துச்சு. லேபிள்ல அசிட்டோன்னு போட்டிருக்கான்னு பாருங்க, அது இல்லாத வகையும் விக்கிது, அது இந்த வேலைக்கு அவ்வளவா உதவாது. ஜன்னலைத் திறந்து வைங்க. அடுப்பு, ஊதுபத்தி பக்கத்துல வேண்டாம், குப்புனு பத்திக்கும். முக்கியமா, கோட்டுக்கு உள்ள வர்ற லைனிங், சில பளபளப்பான சாட்டின் துணியெல்லாம் அசிடேட் நூலா இருக்கும். அதுல அசிட்டோன் பட்டா கறை போகாது, துணியே கரைஞ்சு ஓட்டை விழும். பட்டுச் சேலைன்னா நானே தொட மாட்டேன். நூல் தாங்கினாலும் சாயமும் ஜரிகை மேல இருக்கிற பூச்சும் தாங்கும்னு சொல்ல முடியாது. டிரை கிளீனிங்ல கொடுங்க, என்ன பசைன்னு மறக்காம சொல்லுங்க.

நேரா புரொடக்‌ஷன்ல கை வைக்கக் கூடாதுன்னு ஆபீஸ்ல தினமும் சொல்ற ஆள் நான். அதனால முதல்ல உள்கொசுவத்துல வர்ற ஓரத்துல ஒரு சொட்டு வச்சு, வெள்ளைத் துணியால ஒத்திப் பார்த்தேன். வெள்ளைத் துணியில லேசா அரக்கு ஏறுச்சு.

அதாவது பசை போகும், கூடவே சாயமும் போகும். இந்தச் சேலைக்கு ரோல்பேக் கிடையாது.

அம்மாகிட்ட சொன்னேன். திட்டுவாங்கன்னு நெனச்சேன். கையை நீட்டச் சொல்லி விரலைப் பார்த்தாங்க, தேங்காய் எண்ணெய் தடவினாங்க. அப்புறம், "சாயத்தை எடுத்துராதடா. கெட்டியா இருந்தா இருந்துட்டுப் போகுது"ன்னாங்க.

அதனால பாதி வேலைதான் பண்ணேன். அந்த இடத்தை பிளாஸ்டிக் கவர்ல சுத்தி ஒரு மணி நேரம் ஃப்ரீஸர்ல வச்சேன். குளிர்ல பசை மொறுமொறுன்னு ஆயிடும். ஸ்பூன் விளிம்பால மெதுவாச் சுரண்டினதுல டிஷ்யூவும் மேல இருந்த பொருக்கும் உதிர்ந்துச்சு. நூலுக்குள்ள இறங்கினதை விட்டுட்டேன். சாயம் போகாத காட்டனா இருந்திருந்தா, அடியில பழைய துணி விரிச்சு, பின்பக்கத்துல இருந்து அசிட்டோன் பஞ்சால ஒத்தி ஒத்தி எடுத்திருப்பேன். தேய்க்கக் கூடாது, தேய்ச்சா கறை பரவும். அடித்துணியை மாத்திக்கிட்டே இருக்கணும்.

மத்த பசையெல்லாம் இவ்வளவு படுத்தாது. ஸ்கூல் பிள்ளைங்க சட்டையில வர்ற வெள்ளை ஃபெவிகால் தண்ணியில கலந்த பசை. ஈரமா இருக்கும்போதே அலசிட்டா போயிடும், காஞ்சிருந்தா வெதுவெதுப்பான தண்ணியில ஊறவச்சுச் சுரண்டணும். ஸ்டிக்கர் பொட்டு, விலை லேபிள் ஒட்டின பிசுக்குக்கு எண்ணெய்தான். பலாப்பழம் நறுக்கும்போது கையில தடவுறோமே, அதே கணக்கு. அப்புறம் எண்ணெய்க் கறையைப் பாத்திரம் விளக்குற சோப்புத் தண்ணி பார்த்துக்கும்.

போன வாரம் வீடியோ கால்ல அம்மா அந்தச் சேலையைத்தான் போர்த்தியிருந்தாங்க. எந்தப் புள்ளிடா அதுன்னு கேமரா முன்னாடி தடவித் தடவித் தேடினாங்க. கண்ணாடி போட்டிருந்தாங்களான்னு கேக்காதீங்க, அதைக் கடைக்காரர்தான் சரி பண்ணார். அடுத்த வாரம் பார்க்கலாம்.