தட்டிப் பார்த்துவிட்டு அலங்காரம் செய்யுங்கள்

(நமது ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் 'சி' பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பழைய பிளாட்டை இவ்வளவு அழகாக வைத்திருக்கிறீர்களே, அதைப் பற்றி ஒரு பத்து நிமிஷம் பேசுங்கள்" என்று செக்ரட்டரி கேட்டுக்கொண்டார். திரைச்சீலைக் கடை, குஷன் நிறம் இதெல்லாம் சொல்லுவேன் என்று வந்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். அதற்கும் வருகிறேன், ஆனால் கடைசியில். எங்கள் வீட்டில் செலவும் அந்த வரிசையில்தான் நடந்தது. முதலில் தண்ணீர், அடுத்து கரண்ட், பிறகு மரச்சாமான், மிச்சம் இருந்தால் துணிமணி.

நம் கட்டடம் 1985-ல் கட்டியது. மொசைக் தரை, ஜிஐ பைப், தேக்கு நிலைப்படி, தலைக்கு மேல் பரண். இன்று புது அபார்ட்மென்டில் காசு கொடுத்தாலும் கிடைக்காத உயரமான ஜன்னல்கள். இவை நம் சொத்து. கூடவே நாற்பது வயதுக்கான வியாதிகளும் இருக்கின்றன. அவற்றில் முக்கியமான ஒன்றைப் பற்றித்தான் இன்று அதிகம் பேசப் போகிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்கள் பாத்ரூம் கூரையில் உள்ளங்கை அளவுக்கு ஒரு பழுப்புக் கறை வந்தது. என் கணவர் உடனே, "பிவிசி ஃபால்ஸ் சீலிங் போட்டுவிடலாம், இரண்டு நாள் வேலை" என்றார். (பின் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார், மறுக்க மாட்டார்.) நான் வேண்டாம் என்றேன். எனக்கு இன்ஜினியரிங் எல்லாம் தெரியாது. கறை எங்கே போகிறது என்று தினமும் பார்க்க வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான். வந்த மேஸ்திரி ஸ்டூல் மேல் ஏறி, சுத்தியலின் மரப்பிடியால் கூரையை மெதுவாகத் தட்டிக்கொண்டே போனார். ஒரு பக்கம் கெட்டியான சத்தம். கறை இருந்த பக்கம், அதைச் சுற்றி இரண்டடிக்கு, காலிப் பானையைத் தட்டுவது போல் சத்தம். கறை உள்ளங்கை அளவு, உள்ளே பிரிந்து நின்ற காங்கிரீட் அதைப் போலப் பல மடங்கு. அதற்கு நேர் கீழேதான் என் மாமியார் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து குளிப்பார்.

இது ஏன் நடக்கிறது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மேல் வீட்டுப் பாத்ரூமின் தரைதான் நம் பாத்ரூமின் கூரை. அந்தத் தரையைக் கொஞ்சம் பள்ளமாக இறக்கிக் கட்டி, அதற்குள் பைப்புகளை வைத்து, செங்கல் ஜல்லி போட்டு மூடியிருப்பார்கள். டைல்ஸ் இடுக்கிலோ, தண்ணீர் இறங்கும் ஜாலிக்குக் கீழே இருக்கும் இணைப்பிலோ கசிவு வந்தால், தண்ணீர் அந்தப் பள்ளத்தில் தேங்கி நிற்கும். நாளாக ஆக காங்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் தொடும். கம்பி துருப்பிடித்தால் பருக்கும். தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்பது துருவின் குணம். அந்த இடத்துக்காகக் காங்கிரீட்டை வெளியே தள்ளும். அது ஒரு நாள் விழும். கீழே இருந்து எத்தனை தடவை பட்டி பார்த்து பெயின்ட் அடித்தாலும் பிரயோஜனம் இல்லை. வைத்தியம் மேல் வீட்டில்தான்.

இங்கேதான் நிஜமான கஷ்டம் ஆரம்பிக்கிறது. மேல் வீட்டில் இருப்பவர் தனியாக வாழும் ஒரு பெரியவர். அவர் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன். "என் பாத்ரூமில் ஒரு குறையும் இல்லையே, நான் ஏன் உடைக்க வேண்டும்?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான். அவர் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. பென்ஷனில் அவ்வளவு செலவும் முடியாது. என் கணவர்தான் ஒரு வழி சொன்னார். தண்ணீர் போகும் துவாரத்தைத் துணியால் அடைத்து, பாத்ரூம் தரையில் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் நிறுத்திப் பார்ப்போம், கசியவில்லை என்றால் இனி இந்தப் பேச்சே எடுக்க மாட்டோம் என்றார். மறுநாள் காலை எங்கள் கூரையில் சொட்டு. அந்த அம்மாவே இறங்கி வந்து பார்த்தார்.

செலவில் பாதி அவர், பாதி நாங்கள். முழுப் பொறுப்பும் மேல் வீட்டுக்காரருடையது என்று இங்கே சிலர் நினைக்கலாம். யார் கொடுப்பது என்று வாதாடி முடிப்பதற்குள் ஐப்பசி வந்துவிடும் என்பது என் எண்ணம். வேலை நடந்த 12 நாளும் அவர் எங்கள் இன்னொரு பாத்ரூமைத்தான் பயன்படுத்தினார். மேலே வாட்டர்புரூஃபிங் முடிந்து, மறுபடியும் தண்ணீர் நிறுத்திப் பார்த்த பிறகுதான் எங்கள் கூரையில் கை வைத்தோம். பிரிந்ததைக் கொத்தி எடுத்து, கம்பியில் துருவைச் சுரண்டி, துருத் தடுப்பு பூசி, பாலிமர் கலந்த கலவையால் அடைத்தார்கள். இந்த வரிசை மாறினால் காசு வீண்.

கரண்ட் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்த வீட்டு வயரிங் இரண்டு ஃபேன், நாலு டியூப் லைட், ஒரு ஃபிரிட்ஜுக்காகப் போட்டது. ஏசிக்கும் கீசருக்கும் தனித்தனியாக 4 சதுர மில்லிமீட்டர் லைன் இழுத்தோம். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வைத்தோம். அதில் சின்னதாக ஒரு டெஸ்ட் பொத்தான் இருக்கும், மாதம் ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். டக்கென்று விழ வேண்டும். விழவில்லை என்றால் அது சுவரில் மாட்டிய பொம்மை.

இனி நீங்கள் காத்திருந்த அலங்காரம். மொசைக்கின் மேல் டைல்ஸ் ஒட்டச் சொல்லிப் பலரும் யோசனை சொன்னார்கள். ஒன்றரை அங்குலக் கலவை போட்டு டைல்ஸ் பதித்தால், 10-க்கு 12 அடி அறையில் மட்டும் ஒரு டன் எடை கூடும். நாற்பது வயது கட்டடத்தின் தலையில் எதற்கு அந்தப் பாரம்? வெடித்த இடங்களை நிறம் சேர்த்து அடைத்து, கல் மெஷினால் தேய்த்து பாலிஷ் போட்டோம். வீட்டுக்கு வருகிறவர்கள் புதுத் தரையா என்று கேட்கிறார்கள்.

மரச்சாமான் வாங்குவதில் எங்களுக்கு ஒரே விதிதான். கால் இருக்க வேண்டும், நகர்த்த முடிய வேண்டும். சுவரோடு சேர்த்து அடித்த டிவி யூனிட், சுவர் முழுக்க லாமினேட் பேனல் இரண்டும் கிடையாது. பின்னால் ஓதம் ஏறினாலும், கரையான் மண் கோடு இழுத்தாலும் தெரியாமலே போய்விடும். மாமனார் காலத்துத் தேக்கு பீரோவைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிப் போட்டிருக்கிறோம். இரண்டு பிரம்பு நாற்காலிகளுக்குப் பின்னல் மட்டும் புதிது. சமையலறையில் சிங்க்குக்குக் கீழே மட்டும் புதிதாக மரவேலை செய்தோம். அதற்கு ஐஎஸ் 710 முத்திரை உள்ள பிளைவுட்தான் வேண்டும் என்று ஆசாரியிடம் பிடிவாதம் பிடித்தேன். ஹாலில் கார்ப்பெட்டுக்குப் பதில் பவானி ஜமக்காளம். உதறலாம், துவைக்கலாம், தூக்கித் தரையைப் பார்க்கலாம். திரைச்சீலை பற்றிச் சொல்ல நேரமில்லை. என் கணவர் தேர்ந்தெடுத்த நிறம், பாராட்டை அவரிடமே சொல்லிவிடுங்கள்.

இடித்துக் கட்டலாம் என்ற பேச்சும் நம்மிடையே இருக்கிறது. 2022-ம் வருஷத்துச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்களின் சம்மதம் வேண்டும். அது ஒரு வருஷத்தில் கூடுமோ, பத்து வருஷம் ஆகுமோ. அதுவரை இந்தக் கூரைகளுக்குக் கீழேதான் குளிக்கப் போகிறோம், தூங்கப் போகிறோம்.

அதனால் இரண்டு கோரிக்கைகள். ஃபால்ஸ் சீலிங்கோ, சுவர் பேனலோ போடுவதற்கு முன்னால் அசோசியேஷனுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். மூடும் முன் ஒருமுறை தட்டிப் பார்த்துவிடலாம். இரண்டாவது, பாத்ரூம் கசிவு வேலைக்கு மேல் வீடும் கீழ் வீடும் பாதிப் பாதி என்று இன்று ஒரு தீர்மானம் போடுவோம். முடியாதவர்களுக்கு கார்ப்பஸ் நிதியிலிருந்து கடன் கொடுத்து மாதத் தவணையில் வாங்கிக்கொள்ளலாம். பங்குனி, சித்திரையில் ஆரம்பித்தால் மழைக்கு முன் முடித்துவிடலாம்.

எங்கள் மேஸ்திரி வருகிற ஞாயிறு காலை 10 மணிக்கு வருகிறார். ஏற்கெனவே ஆறு வீட்டுக்காரர்கள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். இன்னும் நாலு வீடு பார்க்க நேரம் இருக்கும் என்றார். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என் கணவரிடம் கொடுங்கள், நோட்டும் பேனாவும் அவரிடம் இருக்கிறது.