மாதச் சம்பளத்தை மணியால் வகுத்துப் பாருங்கள்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில், கிடங்கு மற்றும் கடைத் தொழிலாளர் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)

 

நாங்கள் மேடைப் பேச்சில் பழகியவர்கள் அல்ல. எங்களில் பாதிப்பேர் பிவண்டிக் கிடங்குகளில் பெட்டி ஏற்றி இறக்கி அடுக்குகிறவர்கள். மீதிப்பேர் புறநகரில் உள்ள பெரிய மொத்தவிலைக் கடைகளில் தட்டு நிரப்புகிறவர்கள், பில் போடுகிறவர்கள். விடியுமுன் தாராவியிலிருந்து நடந்து சயான் ஸ்டேஷனில் லோக்கல் வண்டியைப் பிடித்து, இறங்கி, ஷேர் ஆட்டோவில் நெருக்கி உட்கார்ந்து போய்ச் சேர்கிறோம். திரும்பி வரும்போது பிள்ளைகள் தூங்கிவிடுகின்றன. இன்று உங்கள் முன் ஒரே ஒரு கணக்கை மட்டும் போட்டுக் காட்ட வந்திருக்கிறோம். இந்தக் கணக்கு தெரியாததனால் நாம் எவ்வளவு இழந்திருக்கிறோம் என்பதை நீங்களே சொல்லுங்கள்.

ஊருக்குப் போனால் என்ன கேட்கிறார்கள்? "மாதம் என்ன வாங்குகிறாய்?" என்று கேட்கிறார்கள். பெண் கொடுக்க வருகிறவர்களும் அதையே கேட்கிறார்கள். "பதினைந்தாயிரம்" என்றால் தலையை ஆட்டிக்கொள்கிறார்கள். எத்தனை மணி நேர வேலைக்கு என்று எவரும் கேட்பதில்லை. நாமும் நம்மைக் கேட்டுக்கொள்வதில்லை. கான்ட்ராக்டருக்கு நம் இந்த மறதிதான் பெரிய மூலதனம்.

கணக்கைப் பாருங்கள். ஒருவருக்கு மாதம் 15,000 ரூபாய் என்று பேச்சு. காலை 8 மணிக்கு உள்ளே போனால் இரவு 8 மணிக்கு வெளியே வருகிறார். மாதம் 26 நாள். அப்படியானால் 312 மணி நேரம். 15,000-ஐ 312-ஆல் வகுத்தால் மணிக்கு 48 ரூபாய். சரி, இது கூலி என்று வைத்துக்கொள்வோமா? வைக்கக் கூடாது தோழர்களே! வாரம் 48 மணி என்பதுதான் சட்டத்தின் அளவு. அதற்கு மேல் செய்கிற ஒவ்வொரு மணிக்கும் இரட்டைக் கூலி. நாளுக்கு 8 மணி வீதம் 26 நாளைக்கு 208 மணி. மீதி 104 மணியும் மிகுதி நேரம். அந்த 104-ஐ இரட்டிப்பாக எண்ணினால் அதுவும் 208. ஆக மொத்தம் 416 மணிக்கான கூலி வரவேண்டும். 15,000-ஐ 416-ஆல் வகுத்துப் பாருங்கள். மணிக்கு 36 ரூபாய்!

இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். 15,000 ரூபாய் எட்டு மணி வேலைக்குரிய சம்பளமென்றால், நாளுக்கு நாலு மணி கூடுதலாக நிற்கிறவருக்கு மாத முடிவில் இன்னொரு 15,000 வரவேண்டும். தெரிந்துகொள்ளுங்கள். தினம் நாலு மணி மிகுதி நேரம் என்பது, மாதக் கடைசியில் இன்னொரு முழுச் சம்பளம். அந்த இரண்டாவது சம்பளம் யார் வீட்டுக்குப் போகிறது? நம் வீட்டுக்கு வரவில்லை என்பது மட்டும் உறுதி.

சில தோழர்கள் சொல்வார்கள்: "நாங்களே கேட்டுத்தானே ஓவர்டைம் செய்கிறோம், வாடகை கட்ட வேண்டாமா?" உண்மைதான். வாடகையும், ஊரில் வாங்கிய கடனும், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் நம்மை நிற்க வைக்கின்றன. மிகுதி நேரம் வேண்டாம் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. நின்ற நேரத்துக்கு விலை கேட்கச் சொல்கிறோம். அதற்கும் ஓர் எல்லை உண்டு. மகாராஷ்டிர அரசு 2025-இல் கடைச் சட்டத்தைத் திருத்தி, 20 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களில் நாள் வேலையை 9 மணியிலிருந்து 10 மணியாக உயர்த்தியது. மிகுதி நேரத்தின் உச்சத்தை மூன்று மாதத்துக்கு 144 மணி என்று ஆக்கியது. முதலாளிகளுக்காகத் தளர்த்திய அந்த வரம்பே 144 தான். மேலே நாம் போட்ட கணக்கில் மூன்று மாதத்துக்கு 312 மணி வருகிறது. இது எந்தச் சட்டத்தில் சேரும்?

இந்த நகரத்தில் நேரத்துக்காகக் கேட்பது புதிய வழக்கமல்ல. பம்பாய் மில் தொழிலாளர்களுக்கு ஒரு காலத்தில் வார விடுமுறையே இல்லை. நாராயண் மேகாஜி லோகண்டே அவர்களைத் திரட்டிக் கேட்டார். 1890-இல்தான் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடைத்தது. இன்று நாம் கூடியிருக்கும் இந்த ஞாயிற்றுக்கிழமையே யாரோ கேட்டு வாங்கிக் கொடுத்தது.

"மணிக் கணக்கில் கூலியென்றால் அமெரிக்காவைப் போலா?" என்று எங்களில் ஒரு தம்பி கேட்டான். அதையும் சொல்லிவிடுகிறோம். அங்கே காஸ்ட்கோ என்னும் பெரிய கிடங்குக் கடையில் சம்பளம் மணிக் கணக்குத்தான். 2025-இல் புதிதாகச் சேர்கிறவருக்கு மணிக்கு 20 டாலர் என்றும், பல ஆண்டு வேலை செய்து உச்சப்படி ஏறியவருக்கு 30 டாலருக்குச் சற்று மேல் என்றும் ஆயிற்று. பகுதி நேரத்தாருக்கும் மருத்துவக் காப்பீடு உண்டு. அந்த நாட்டின் மத்திய அரசு வைத்த குறைந்தபட்சக் கூலியோ 2009 முதல் 7.25 டாலரில் நின்றது. டாலரை ரூபாயாக்கிப் பெருமூச்சு விடுவதற்காக இதைச் சொல்லவில்லை. அங்கே வாடகையும் வேறு, விலைவாசியும் வேறு. கவனிக்க வேண்டியது ஒன்று: அந்தக் கடைகளில் ஏறத்தாழ 18,000 பேர் டீம்ஸ்டர்ஸ் தொழிற்சங்கத்தில் இருக்கிறார்கள். 2025 ஜனவரியில் வேலைநிறுத்தத்துக்கு வாக்களித்துவிட்டுத்தான் அவர்கள் ஒப்பந்தத்துக்கு உட்கார்ந்தார்கள். மணிக் கூலி எவ்வளவென்று சுவரில் எழுதி வைக்கிற இடத்திலும் சங்கம் தேவைப்படுகிறது. எழுதியே வைக்காத இடத்தில் தேவைப்படாதா?

தாய்மார்களே, கூலி என்பது கையில் வருகிற பணம் மட்டுமல்ல. கைக்கு வராமல் நம் பெயரில் சேரவேண்டியதும் கூலிதான். பி.எஃப்.-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நம் சம்பளத்தில் 12 சதம் பிடிக்கிறார்கள். 15,000 ரூபாய்க்கு அது 1,800. முதலாளி தம் பங்காக இன்னொரு 1,800 போடவேண்டும். சில கான்ட்ராக்டர்கள் என்ன செய்கிறார்கள்? இரண்டு பங்கையும் நம் சம்பளத்திலிருந்தே எடுக்கிறார்கள். இது சட்டவிரோதம். இன்னொரு தந்திரம், அடிப்படைச் சம்பளம் 5,000, மீதி 10,000 படி என்று பிரித்து எழுதிவிட்டு 5,000-க்கு மட்டும் பி.எஃப். கட்டுவது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் இதற்கு ஒரு கட்டுப் போட்டிருக்கின்றன. விலக்கப்படும் படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை சம்பளத்தோடு சேர்க்கப்படும். அந்தத் தொகுப்புகளில் நாம் எதிர்க்க வேண்டியவை பல உண்டு. 300 பேருக்குக் குறைவாக உள்ள நிறுவனங்களில் அரசின் அனுமதியின்றி ஆட்குறைப்புச் செய்ய வழிவிட்டதைத் தொழிற்சங்கங்கள் கண்டிக்கின்றன, நாமும் கண்டிக்கிறோம். ஆனால் நமக்குச் சாதகமாக எழுதப்பட்ட வரியை நாமே படிக்காமல் விட்டால் அது யார் குற்றம்?

இ.எஸ்.ஐ. பற்றிச் சொல்லும்போது எங்கள் குரல் தழுதழுக்கிறது. எங்களோடு வேலை செய்த ஒரு தம்பி. அடுக்கு சரிந்து கால் முறிந்தது. மாதந்தோறும் இ.எஸ்.ஐ. என்று சொல்லி அவன் சம்பளத்தில் பணம் பிடித்தார்கள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய பிறகு பார்த்தால், அவனுக்கு எண்ணே இல்லை. பிடித்த பணம் எங்கே போயிற்று? அவன் தாயார் கழுத்தில் கிடந்ததை அடகு வைத்தார். இ.எஸ்.ஐ.-இல் பெயர் இருந்திருந்தால் சிகிச்சை இலவசம். வேலையில் அடிபட்டு வீட்டில் கிடக்கும் நாள்களுக்குச் சம்பளத்தில் 90 சதம் கிடைத்திருக்கும். சாதாரண நோய்க்கே 70 சதம், ஆண்டுக்கு 91 நாள் வரை உண்டு. இதற்காகத் தொழிலாளி கொடுக்க வேண்டியது 0.75 சதம், முதலாளி கொடுக்க வேண்டியது 3.25 சதம். 15,000 ரூபாய்க்கு நம் பங்கு 113 ரூபாய். அந்த 113 ரூபாய் போய்ச் சேரவேண்டிய இடத்தில் சேராததனால் ஒரு குடும்பம் வட்டிக்காரனிடம் போயிற்று.

விடுமுறைக்கும் விலை உண்டு. இருபது பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் கடைகளுக்கு 2017-இன் மகாராஷ்டிரக் கடைச் சட்டம் சம்பளத்தோடு 8 நாள் தற்செயல் விடுப்பும், 8 நாள் பண்டிகை விடுமுறையும் தருகிறது. ஆண்டில் 240 நாள் வேலை செய்தவருக்கு 20 நாளைக்கு ஒரு நாள் வீதம் ஈட்டிய விடுப்பும் உண்டு. எல்லாம் சேர்த்தால் 28 நாள். 26 நாளைக்கு ஒரு மாதச் சம்பளம் என்றால் இது ஒரு மாதத்துக்கும் மேல். பொங்கலுக்கு ஊருக்குப் போய் வந்தால் சம்பளத்தை வெட்டுகிறார்களே, அப்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சுமை தூக்குவோருக்கு இந்த மாநிலத்தில் ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. 1969-இல் வந்த மாத்தாடித் தொழிலாளர் சட்டம். அண்ணாசாகேப் பாட்டீல் திரட்டிய ஹமால்களின் போராட்டத்தில் கிடைத்தது அது. முதலாளி கூலியையும் அதன் மேல் ஒரு தொகையையும் வாரியத்தில் கட்டுவார். வாரியம் தொழிலாளிக்குக் கூலி, பி.எஃப்., போனஸ், விடுப்புச் சம்பளம் எல்லாம் கொடுக்கும். மூட்டை தூக்குகிற, எழுதப் படிக்கத் தெரியாத மனிதர்கள் கேட்டு வாங்கினார்கள். பன்னிரண்டாம் வகுப்பு படித்துவிட்டு ஸ்கேனர் பிடித்து நிற்கிற நாம் கேட்க முடியாதா?

கடையில் நிற்கிற நம் பெண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாள் முழுக்க நின்று கால் வீங்கி வருகிறார்கள். உட்கார்ந்தால் சூப்பர்வைசர் முறைக்கிறார். கேரளம் 2018-இலும் தமிழ்நாடு 2021-இலும் கடைத் தொழிலாளிக்கு இருக்கை தரவேண்டும் என்று சட்டம் செய்தன. கேரளத்தில் ஜவுளிக்கடைப் பெண்கள் தெருவில் இறங்கிக் கேட்ட பிறகு வந்த உரிமை அது. ஒரு நாற்காலிக்கும் போராட்டம் தேவைப்பட்டது.

"கேட்டால் நாளைக்கு வராதே என்று சொல்லிவிடுவானே?" உங்கள் மனத்தில் ஓடுகிற கேள்வி இதுதான். மறைக்க மாட்டோம். எங்களில் ஒருவர் தனியாகப் போய் ஓவர்டைம் கணக்குக் கேட்டார். மறுநாள் கேட்டில் அவர் பெயரை அடித்துவிட்டார்கள். அவர் இன்று இந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். ஆகவே தனியாகப் போகாதீர்கள் என்பதே எங்கள் முதல் வேண்டுகோள்.

போவதற்கு முன் செய்ய வேண்டியவை சில உண்டு. அவற்றை வீட்டுப் பெண்களிடம் ஒப்படைக்கிறோம். சுவரில் தொங்கும் காலண்டரில், வேலைக்குப் போன நேரத்தையும் வந்த நேரத்தையும் தினமும் எழுதுங்கள். சம்பளச் சீட்டு கேளுங்கள். கொடுப்பது முதலாளியின் கடமை. மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் வரவேண்டும். பி.எஃப்.-இன் யு.ஏ.என். எண்ணையும் இ.எஸ்.ஐ. எண்ணையும் வாங்கி ரேஷன் கார்டோடு வையுங்கள். வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போட விடாதீர்கள்.

காலண்டரில் எழுதி என்ன பயன் என்று எண்ண வேண்டாம். சம்பளம் தரவில்லை என்று தொழிலாளி மனு கொடுத்தால், கொடுத்தேன் என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. சம்பளத் தொகுப்புச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. மூன்று ஆண்டு வரை மனு கொடுக்கலாம். கான்ட்ராக்டர் ஓடிவிட்டால் பெரிய கம்பெனி கைவிரிக்க முடியாது. 1970-இன் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் முதல் இன்றைய தொகுப்பு வரை, கான்ட்ராக்டர் தராத கூலியைத் தலைமை முதலாளியே தரவேண்டும் என்றுதான் இருக்கிறது.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் அந்தக் காலண்டர் தாளையும் சம்பளச் சீட்டையும் கொண்டுவாருங்கள். இந்த மேசையில் வைத்து ஒவ்வொருவருடையதையும் மணியால் வகுப்போம். ஒரே கான்ட்ராக்டரிடம் வேலை செய்கிறவர்களை ஒன்றாக உட்கார வைப்போம். அவர்களில் மராட்டியத் தோழரும் பீகார்த் தோழரும் இருந்தால் அவர்களையும் அழைப்போம். அவர்களுடைய மணிக்கும் அறுபது நிமிடம்தான். பிறகு எல்லாரும் சேர்ந்து ஒரே மனுவாகத் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போவோம்.

அடுத்த முறை ஊரில் எவரேனும் "மாதம் என்ன வாங்குகிறாய்?" என்று கேட்டால், "மணிக்கு இவ்வளவு" என்று சொல்லுங்கள். அந்தத் தொகையைத் தலைநிமிர்ந்து சொல்லும்படி உயர்த்துவதுதான் நம் சங்கத்தின் வேலை.