வானத்தில் உயிரைத் தேட யார் பணம் கொடுப்பது?

(புனேயில் நடந்த அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன கூட்டம் முடிந்து கிளம்பும்போது, மூத்த அங்கத்தினர் ஒருவர் என்னைப் பிடித்துக் கொண்டார். "ஏன் ஸார், நம் தேசத்தில் இத்தனை பேர் அரை வயிறு சாப்பிடும்போது, ஆகாசத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்க்க சர்க்கார் பணத்தைச் செலவழிக்கலாமோ?" என்றார். அன்றைக்கு ஆட்டோ காத்திருந்தது. இன்றைக்குப் பதில் சொல்லப் பார்க்கிறேன். நான் விஞ்ஞானி இல்லை. முப்பது வருஷம் கணக்குத் தணிக்கையில் இருந்தவன். ரசீது கேட்கிறவனாகத்தான் பேசப் போகிறேன்.

இந்தக் கேள்விக்கு வழக்கமான பதில் ஒன்று உண்டு. விக்ரம் சாராபாய் பெயரைச் சொல்லி, செயற்கைக்கோளால் புயல் எச்சரிக்கை கிடைக்கிறது, மீனவர்களுக்கு மீன் இருக்கும் இடம் தெரிகிறது என்பார்கள். அத்தனையும் உண்மை. ஆனால் சாராபாய் சொன்னதை முழுவதும் படித்தால் சங்கடம். சந்திரனையும் கிரகங்களையும் ஆராய்வதில் பணக்கார தேசங்களோடு போட்டி போடும் கற்பனை நமக்கு இல்லை என்றும் அவர் கூடவே சொல்லியிருக்கிறார். புயல் எச்சரிக்கைக்கான வவுச்சரைக் காட்டி உயிர்த் தேடலின் செலவைப் பாஸ் பண்ண நான் ஒப்ப மாட்டேன். அதற்குத் தனிக் கணக்கு வேண்டும்.

அப்படி ஒரு கணக்கு நம் தேசத்திலேயே இருக்கிறது. 2025 மே மாதம் காலமான ஜயந்த் நார்லிகரைப் புனேக்காரர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டாம். கேம்பிரிட்ஜில் ஃப்ரெட் ஹாயிலின் சிஷ்யர். ஹாயிலும், இலங்கையில் பிறந்த சந்திரா விக்ரமசிங்கேயும், உயிரின் வித்து வால்நட்சத்திரத் தூசியோடு வந்து பூமியில் விழுகிறது என்று சொல்லி வந்தார்கள். விஞ்ஞானிகளில் பெரும்பாலோர் அன்றும் ஏற்கவில்லை, இன்றும் ஏற்கவில்லை. விவாதம் ஒரு பக்கம் இருக்கட்டும், மேலே போய்க் காற்றைப் பிடித்துப் பார்த்துவிடலாம் என்று இறங்கினார் நார்லிகர். இஸ்ரோ பணம் கொடுத்தது. யு.ஆர். ராவ் வழிகாட்டியாக இருந்தார்.

முதல் பலூன் 2001 ஜனவரியில் போயிற்று. இரண்டாவது 2005 ஏப்ரலில். இரண்டும் ஹைதராபாத்தில் டாடா ஆராய்ச்சி நிறுவனத்தின் பலூன் தளத்திலிருந்து. இரண்டாவது பலூன் சுமந்த சாமான் 459 கிலோ. அதில் 38 கிலோ திரவ நியான். உள்ளே 16 எவர்சில்வர் உருளைகள், கிருமி நீக்கி, காற்றை முழுவதும் உறிஞ்சி எடுத்து மூடியவை. 40 கிலோமீட்டர் உயரத்தில் காற்று இங்கே இருப்பதில் ஆயிரத்தில் சில பங்குதான். சும்மா வால்வைத் திறந்தால் ஒன்றும் சேராது. திரவ நியானின் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 246 டிகிரி. அதில் முழுகியிருக்கும் உருளைக்குள் நுழைகிற காற்று சுவரில் உறைந்து ஒட்டிக் கொள்ளும். உள்ளே இடம் காலியாகும். மேலும் காற்று வரும். இப்படி 20 முதல் 41 கிலோமீட்டர் வரை பல உயரங்களில் சேகரித்து, பாராசூட்டில் இறக்கினார்கள்.

அடுத்து நடந்ததுதான் எனக்குப் பிடித்தது. உருளைகளை ஒரே இடத்தில் பரிசோதிக்கவில்லை. ஹைதராபாத்தில் சி.சி.எம்.பி., இங்கே புனேயில் தேசிய செல் விஞ்ஞான மையம், இரண்டிலும் ஒரே மாதிரி முறையில், தனித்தனியாகப் பார்த்தார்கள். எங்கள் பாஷையில் சொன்னால் இரண்டு கையெழுத்து இல்லாமல் பில் பாஸாகாது.

கிடைத்தது 12 பாக்டீரியா, 6 பூஞ்சைக் காலனிகள். பெரும்பாலானவை பூமியில் தெரிந்தவையே. மூன்று பாக்டீரியாக்கள் மட்டும் புதிய இனம். புற ஊதாக் கதிரை அவற்றின் கிட்டத்து உறவுகளைவிட நன்றாகத் தாங்கின. ஒன்றுக்கு இஸ்ரோ பெயர், ஒன்றுக்கு ஆரியபட்டர் பெயர், ஒன்றுக்கு ஹாயில் பெயர். குருதக்ஷிணையாகக் கிருமியைக் கொடுத்த சிஷ்யர் வேறு யாராவது உண்டோ என்னவோ!

2009 மார்ச்சில் இஸ்ரோ இதை அறிவித்தபோது, இவை வேற்றுலகத்திலிருந்து வந்தவை என்று இதனால் நிரூபணமாகவில்லை என்று அவர்களே எழுதிவிட்டார்கள். செய்தித் தலைப்பை மட்டும் படித்துவிட்டு, "வானத்திலிருந்து வந்தாச்சு" என்று வீட்டில் அமர்க்களம் செய்தவர்களில் நானும் ஒருவன். பிற்பாடு அந்த ஆரியபட்டர் கிருமி பல தேசங்களில் சாதாரண வயல் மண்ணிலும், செடியின் வேரிலும் அகப்பட்டது. கீழேயிருந்து மேலே போயிருக்கும் என்று நினைக்கத்தான் அதிக இடமிருக்கிறது. செடி வளர அது உதவுகிறது என்றும் கண்டிருக்கிறார்கள். அதைக் காட்டி இந்தச் செலவை நியாயப்படுத்த நான் தயாரில்லை. அது அதிர்ஷ்டம், அதிர்ஷ்டத்துக்கு பட்ஜெட் போட முடியாது.

நான் பாஸ் பண்ணுவது வேறு காரணத்துக்காக. கேள்வி சரியானது, கருவி சரியானது, 'நிச்சயமில்லை' என்ற விடையை மறைக்காமல் எழுதினார்கள்.

எல்லாச் செலவும் அப்படி அமைவதில்லை. 2013ல் கிளம்பிய மங்கள்யானுக்கு 450 கோடி ரூபாய் ஆயிற்று. அதில் செவ்வாயில் மீத்தேன் வாயுவைத் தேட ஒரு கருவி இருந்தது. அந்த வாயு உயிரின் அடையாளமாக இருக்கலாம். அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான், மீத்தேனைத் தனியாகப் பிரித்தறிய அந்தக் கருவியின் அமைப்பு போதாது என்று தெரிந்தது. முதல் முயற்சியிலேயே செவ்வாயைச் சுற்றியது பெருமைதான்; ஆனால் தணிக்கைக்காரன் அந்த வரியில் ஒரு சிவப்பு டிக் போடுவான்.

பெரியவரின் கேள்விக்கு வருகிறேன். வேற்றுலகவாசிகளின் ரேடியோ சமிக்ஞையைத் தேட நாஸா 1992ல் ஆரம்பித்த திட்டத்தை, ரிச்சர்ட் பிரையன் என்ற செனட்டர் மறு வருஷமே நிறுத்த வைத்தார். வருஷத்துக்குச் சுமார் ஒரு கோடியே இருபது லட்சம் டாலர்; நாஸா பட்ஜெட்டில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. மிச்சம் பிடித்தது பற்றாக்குறையைக் குறைக்கத்தான், ஏழை வீட்டு அடுப்புக்காக அல்ல. தனியார் நன்கொடையில் அந்தத் தேடல் 2004 வரை நடந்தது; ஒரு சமிக்ஞையும் வரவில்லை. நன்கொடை கொடுப்பவர் மனசு மாறினால் அதுவும் நின்றுபோகும். அதனால்தான் சிறிய தொகையாவது சர்க்காரே கொடுக்க வேண்டும், பாராளுமன்றமும் நாமும் கணக்குக் கேட்க வேண்டும் என்கிறேன்.

பெரியவர் இன்னும் சமாதானம் ஆகவில்லை, கையைத் தூக்குகிறார். காபி ஆறுவதற்குள் அவரைக் கேட்டுவிடுவோம்.