நீரிழிவும் முன்ஜென்ம வினையும் (பீளமேட்டில் பேசியது)



பள்ளிப் பிள்ளைக்கு நீரிழிவு என்றால் முன்ஜென்ம வினை என்கிறார்கள். பெண்ணாயிருந்தால் கலியாணத்துக்கு ஆகாதென்று வாத்தியாரிடமும் மறைக்கிறார்கள். கணையத்தில் இன்சுலின் சுரப்பது நின்றுபோவதே இந்நோய். இதில் வினை எங்கே? நாம் கேட்கின்றோம்: 1922-இல் டொரான்டோவில் சாகக் கிடந்த 14 வயதுச் சிறுவனைப் பிழைப்பித்தது இன்சுலின் ஊசியா, பரிகாரமா?

ஊசி போட்ட பிள்ளை வேளைக்கு உண்ணாவிட்டால் சர்க்கரை தாழ்ந்து, வியர்த்து, நடுங்கி, மயங்கும். விஷயமறியாத வாத்தியார் என்ன செய்வார்? அறிந்தவராயின், நினைவிருக்கும்போதே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைக் கரைத்துக் கொடுப்பார். நினைவு தப்பினால் வாயில் ஒன்றும் ஊற்றாமல் 108-ஐ அழைப்பார்.

வகுப்பிலும் பரீட்சையிலும் இப்பிள்ளைகளைச் சர்க்கரை பார்க்கவும், ஊசி போடவும், தின்னவும் விடவேண்டுமென்று 2023-இல் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையமே மாநிலங்களுக்கு எழுதிற்று. ஆதலால் தாய் தந்தையரே, மறைக்காதீர்கள்! நாளைக்கே வாத்தியாரிடம் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டியது நோய்க்கல்ல, மூடநம்பிக்கைக்கே!